பழைய ஜீப்பில் எல்லை தாண்டலாமா? பெங்களூருவிலிருந்து கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் பழைய ஜிப்சியும் மஹிந்திரா ஜீப்பும் வைத்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். அல்சூர், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர், ஓசூர் சாலை என்று எங்கே இரண்டு பேர் வண்டியோடு சேர்ந்தாலும் பேச்சு நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போய்விடுகிறது. உடனே அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே தொகுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானவை வரை பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் எல்லை விதிகளும் மாறக்கூடியவை. கிளம்பும் மாதத்தில் அவற்றை மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் ஜிப்சி 1999 மாடல். இதில் நேபாளம் போகிறேன் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே முடியுமா?

தாராளமாக முடியும். மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 1.3 லிட்டர் என்ஜினோடு ஜிப்சி கிங் 1996-ல் வந்தது. ஏணி வடிவ அடிச்சட்டம், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், உங்கள் மாடலில் கார்புரேட்டர். வழியில் நின்றால் ஒரு சிற்றூர்ப் பட்டறையிலேயே திறந்து பார்த்துச் சரிசெய்யக்கூடிய அமைப்பு இது. பழைய மஹிந்திரா ஜீப்புகளும் அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓட்டத்தால் தேயும் பாகங்கள் உண்டு. வருடங்களால் கெடும் பாகங்களும் உண்டு. ரப்பர், ஆயில் சீல், ஒயர், பிரேக் ஆயில் எல்லாம் வண்டி நின்றிருந்தாலும் கெடும். "இருபத்தைந்து வருடத்தில் அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று பெருமையோடு சொல்கிறார்களே, அந்த வண்டிக்குத்தான் அதிக வேலை இருக்கும்.

முதல் பயணத்துக்கு எந்த நாடு சரி?

நேபாளம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். நம் ஓட்டுநர் உரிமம் செல்லும். சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் ஊர் மஹிந்திரா, மாருதி, டாடா வண்டிகள் அங்கே ஏராளமாக ஓடுவதால் மெக்கானிக்கும் உதிரி பாகமும் கிடைத்துவிடும். முக்திநாத் போகும் மலைப்பாதையிலேயே பொலிரோக்களும் ஸ்கார்பியோக்களும் வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம்.

பூட்டானும் நல்ல தேர்வுதான். சாலைகள் ஒழுங்கானவை, ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். ஆனால் இந்தியப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய் மேம்பாட்டுக் கட்டணம் உண்டு. வண்டிக்குத் தனி அனுமதி வேண்டும். நான்கு பேர் பத்து நாள் என்று கணக்குப் போட்டால் தொகை பெரிது. எந்த நாடானாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், மண்சரிவுக் காலம். அக்டோபரும் நவம்பரும் உகந்தவை.

வேலையை எங்கே ஆரம்பிப்பது? பட்டறையிலா, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும், கர்நாடகத்தில் பசுமை வரியும் கட்ட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022-ல் பல மடங்கு உயர்ந்தது. பதிவு முடிய இன்னும் நான்கைந்து மாதம்தான் இருக்கிறது என்றால் அதைப் புதுப்பித்த பிறகு பயணத் தேதியைக் குறியுங்கள்.

அங்கே போகுமுன் ஒரு சிறு வேலை. ஒரு கம்பிப் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள். பழைய வண்டிகளில் அந்த இடத்தில் சேறும் கிரீஸும் அண்டர்கோட் பூச்சும் ஏடு ஏடாகப் படிந்திருக்கும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. எண் மழுங்கினால் ஆயுளுக்கும் தொல்லை. ஒவ்வோர் எழுத்தும் தெரிந்ததும் துடைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, துரு ஏறாமல் மெல்லிய கிரீஸ் பூசி விடுங்கள். எல்லையில் சரிபார்க்கக் கேட்டால் உடனே காட்டிவிடலாம்.

என் ஜீப்பில் முந்தைய உரிமையாளர் வேறு என்ஜின் போட்டிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் பழைய எண்ணே இருக்கிறது. நம் ஊரில் யாரும் கேட்டதில்லை, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. என்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்கீழ் வருகிறது, அதை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். உள்ளூரில் கேட்கவில்லை என்பது எல்லையில் உதவாது. சுங்கத் துறைக்கு வண்டி என்பதே என்ஜின் எண், சேஸிஸ் எண் என்ற இரண்டு எண்கள்தாம். உள்ளே வந்த வண்டியே திரும்பிப் போகிறதா என்பதை அவற்றை வைத்துத்தான் பார்க்கிறார்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் முதலில் இதைத்தான் பிடிக்கும்.

என்ஜின் வாங்கிய ரசீது கிடைத்தால் வேலை எளிது. கிடைக்காவிட்டால் இந்த வண்டியில் இந்த ஆண்டு எல்லை தாண்டுவதை மறந்துவிடுங்கள். கர்நாடகத்திலேயே ஓட்டிப் பார்க்க அழகான மலைகள் இருக்கின்றன.

இன்சூரன்ஸ் நாடு தாண்டினால் செல்லுமா?

தானாகச் செல்லாது. நம் மோட்டார் பாலிசிகளில் புவியியல் எல்லையை நீட்டிக்கும் கூடுதல் பிரிவு ஒன்று உண்டு. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளை அதில் சேர்க்கலாம். சிறு தொகை கட்டி, எந்த நாடு என்று பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். கப்பலில் போகும்போது வரும் சேதம் இதில் அடங்காது.

மிகப் பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே தர முன்வரும். அப்படியானால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதம் உங்கள் செலவு என்று தெரிந்துகொண்டே கிளம்புங்கள்.

நேபாள எல்லையில் என்ன நடக்கும்? கார்னே என்று ஏதோ சொல்கிறார்களே, அது வேண்டுமா?

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கார்னே என்னும் சுங்கப் புத்தகம் வேண்டாம். அது வேறு நாடுகளுக்கு, கீழே வருகிறது. சொனௌலி, ரக்சௌல், பன்பசா, பானிடங்கி போன்ற எல்லைகளில் நேபாளச் சுங்கச் சாவடியில் எத்தனை நாள் என்று சொல்லிப் பணம் கட்டினால் பன்சார் என்னும் வண்டி அனுமதி தருவார்கள். அதோடு போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வாங்க வேண்டும். ஆர்.சி., உரிமம், இன்சூரன்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் அசலும் நகலும் வைத்திருங்கள். ஒரு வண்டி ஓர் ஆண்டில் மொத்தம் 30 நாள்தான் அங்கே இருக்கலாம்.

திட்டமிட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாகவே பணம் கட்டுங்கள். மலையில் ஒரு மண்சரிவு போதும், இரண்டு நாள் போய்விடும். அனுமதி முடிந்த பிறகு எல்லைக்கு வந்தால் அபராதம். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லை, அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கிறது என்றால், அவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற கடிதம் கையில் இருக்கட்டும்.

மெக்கானிக் "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆயில் மட்டும் மாற்றிவிட்டுப் போங்கள்" என்கிறார். நம்பலாமா?

அவர் பார்த்த அளவில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் பார்ப்பது வார இறுதியில் நந்தி மலைக்குப் போய்வரும் வண்டியை. நீங்கள் கேட்பது சொனௌலி எல்லைக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பிறகு மலை ஏறி இறங்கி, அதே தூரம் திரும்பி வரும் வண்டியை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, முதலில் பிரேக், அடுத்து ஸ்டீயரிங், பிறகு கூலிங், எரிபொருள், ஒயரிங், கடைசியில் என்ஜின் என்ற வரிசையில் வேலை கேளுங்கள். பெரும்பாலோர் என்ஜினில் ஆரம்பித்து, அங்கேயே பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு, இருபது வருடப் பழைய பிரேக் ஹோஸோடு மலை ஏறுகிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலை தருகிற பழக்கம்.

ரப்பர் விஷயத்தில் பேச்சே வேண்டாம். வயது தெரியாத ரப்பர் எதுவாக இருந்தாலும் மாற்றுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட், பெட்ரோல் டியூப், பிரேக் ஹோஸ், என்ஜின் மவுண்ட், ஸ்பிரிங் புஷ். ஜிப்சியில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தள்ளித் தனியாக ரப்பர் மவுண்ட்களில் தொங்குகிறது. அந்த மவுண்ட் கிழிந்தால் நடுவில் இருக்கும் குறுகிய ஷாஃப்ட் கோணம் மாறி உதறத் தொடங்கும். பார்க்க மறந்துவிடும் இடம் அது.

பிரேக்கில் எதைப் பார்க்க வேண்டும்? பிடிக்கிறதே, போதாதா?

சமவெளியில் பிடிப்பது வேறு, முக்திநாத்திலிருந்து இறங்கும்போது பிடிப்பது வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி ஆயில் கொதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். எனவே பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியது நிரப்புங்கள். வீல் சிலிண்டர் ரப்பர்களைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸை விரலால் வளைத்து, வளைவின் வெளிப்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரிந்தாலே அதன் ஆயுள் முடிந்தது.

இறங்கும்போது கியரிலேயே இறங்குங்கள். ஜிப்சிக்காரர்களுக்கு ஒரு வசதி: முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் ஹப் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டுவதற்கான லோ ரேஞ்ச் கியரைப் போட்டால் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரமும் பூட்டி ஓட்டினால் வரும் இறுக்கம் இதில் வராது. என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத்தான் போவீர்கள், பாதுகாப்பாகப் போவீர்கள்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை.

முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் இருக்கும் உருண்டையான நக்கிளைப் பாருங்கள். சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சுதான் கிங்பின்; அதன் பேரிங் தளர்ந்தால் இப்படித்தான் உதறும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். டை ராட் முனைகளையும் ஸ்பிரிங் புஷ்களையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.

பிறகு ஒரு பழைய துணியால் அந்த உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் மெலிதாகத் துணியில் ஒட்டினால் சரி. எண்ணெய் போல ஒழுகிச் சக்கரத்தின் உட்புறம் கருத்திருந்தால் ஆக்ஸில் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

பெங்களூருவில் எவ்வளவு டிராஃபிக்கில் நின்றாலும் என் ஜீப் சூடாவதில்லை. ரேடியேட்டரைத் தொட வேண்டுமா?

பெங்களூரு நம்மை ஏமாற்றும் ஊர். சுமார் 900 மீட்டர் உயரம், இதமான காற்று. பாதி அடைத்த ரேடியேட்டர்கூட இங்கே சமாளித்துவிடும். அதே வண்டி கர்னூல் தாண்டி நாக்பூர் வெயிலில் சுமையோடு மணிக்கணக்கில் ஓடும்போதுதான் உண்மை தெரியும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல்கீழ்த் தொட்டிகளைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். மூடியைப் புதிதாக வாங்குங்கள். மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் உள்ளே நீர் சீக்கிரம் கொதிப்பதில்லை. முக்திநாத் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்தால் அந்தச் சிறு மூடியின் அருமை புரியும்.

பழைய வண்டி பலவற்றில், என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பார்கள். நம் வெப்பத்துக்கு அது தேவையில்லை என்ற எண்ணம். மலைக் குளிரில் என்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். புதியது ஒன்று வாங்கிப் போடுங்கள். கூலன்ட்டைச் சரிபாதி சுத்தநீரோடு கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

இப்போது எங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல்தான். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஆபத்தா?

கவனம் வேண்டும், பயம் வேண்டாம். எத்தனால் பழைய ரப்பரையும் சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடைக் கிளப்பிவிடும். அந்தக் கசடு நேரே கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் போய் அடைக்கும். எனவே டேங்கை இறக்கிக் கழுவுங்கள். பெட்ரோல் டியூப் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் செட் இரண்டும் புதிதாகட்டும். மைலேஜ் கொஞ்சம் குறையும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கைப் பாதி காலியாக விடாதீர்கள். காலியிடத்துக் காற்றின் ஈரம் பெட்ரோலில்தான் போய்ச் சேரும்.

உயரத்தில் கார்புரேட்டர் திணறும் என்கிறார்களே, ஜெட் மாற்ற வேண்டுமா?

திணறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். பூட்டானின் செலே லா கணவாய் சுமார் 3,988 மீட்டர். காற்று மெலிந்தும் பெட்ரோல் அளவு குறையாததால் கலவை கெட்டியாகி, கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கருக்கும். ஓரிரு நாள் மேலே இருந்துவிட்டு இறங்குபவர்கள் ஜெட்டைத் தொடவே வேண்டாம். ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள், மாற்று பிளக் செட் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஏர் ஃபில்டரைத் தினமும் பாருங்கள். முக்திநாத் வழியிலுள்ள காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டியதும் பலத்த காற்று எழும்; ஜோம்சோம் பக்கம் அது மணலையே வாரி இறைக்கும். தூசி அடைத்த ஃபில்டரும் கலவையைக் கெட்டியாக்கும் என்பதால், உயரத்தின் மேல் போடும் பழியில் பாதி இதற்குரியது. அந்தப் பகுதிக்கு அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் அனுமதிச் சீட்டும் தேவை.

என்னுடையது டீசல் ஜீப். வேறு ஏதாவது உண்டா?

மேலே சொன்ன பிரேக், ஸ்டீயரிங், ரேடியேட்டர் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். கூடுதலாக டீசல் ஃபில்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்; லைனில் காற்று புகுந்தால் கையால் பம்ப் அடித்து வெளியேற்றும் முறையை மெக்கானிக்கிடம் உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். குளிர்காலைக்கு ஹீட்டர் பிளக் சரியாக இருக்க வேண்டும்.

வழி முக்கியம். டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு உண்டு. அது குறித்த உத்தரவுகள் மாறிக்கொண்டே வருகின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா, பிரயாக்ராஜ், கோரக்பூர் வழி சொனௌலி போனால் டெல்லியைத் தொடவே வேண்டாம்.

லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போடாமல் மலையில் போக முடியுமா?

முடியும். அங்கே டாக்ஸிகளும் பஸ்களும்கூட அன்றாடம் ஏறுகின்றன. பெரிய டயர் போட்டால் கியர் கனக்கும், பிரேக் தூரம் கூடும், ஆக்ஸிலுக்குச் சுமை ஏறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் என்ற சட்டச் சிக்கல் வேறு. உயரம் கூட்டிய வண்டி பக்கச் சரிவில் சீக்கிரம் கவிழும். நிறுவனம் கொடுத்த அளவிலேயே நல்ல டயர் ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வயது இருக்க வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

உதிரி பாகங்களில் எதை எடுத்துச் செல்வது? உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலையையே வண்டியில் ஏற்றிவிடலாம் போலிருக்கிறது.

இரண்டு கேள்வி கேளுங்கள். இது போனால் வண்டி நின்றுவிடுமா? இது அங்கே கிடைக்காதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட், ஹோஸ், பெட்ரோல் பம்ப், பாயின்ட், கண்டன்சர், கிளட்ச் கேபிள், வீல் சிலிண்டர் கிட், யூ ஜாயின்ட் கிராஸ் ஒன்று, ஸ்பிரிங் சென்டர் போல்ட், யூ போல்ட், ஃப்யூஸ், பல்பு, கொஞ்சம் ஒயர், கட்டுக்கம்பி, எம் சீல், டியூப் இரண்டு. இதற்கு மேல் அநேகமாகச் சுமைதான்.

ஜே.சி. சாலைக்குப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஜிப்சிக்கு என்றே ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு. நன்றாக இருந்தும் வயதுக்காக மாற்றிய பழைய பெல்ட்டையும் ஹோஸையும் எறியாதீர்கள். அவையே உங்கள் உதிரி பாகங்கள். உங்கள் வண்டியில் பொருந்தும் என்று நிரூபித்தவை அவை.

பெட்ரோல் கேன் கட்ட வேண்டுமா? கூரையில் கூடாரம்?

நேபாளத்துக்கு இரண்டும் வேண்டாம். நாற்பது லிட்டர் டேங்கில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். அதற்குள் பங்க் வந்துவிடும். இருபது லிட்டர் கேனில் பெட்ரோல் மட்டுமே சுமார் 15 கிலோ எடை, விபத்தில் நெருப்பு. கூரைச் சுமை வண்டியின் நிலைகொள்ளலைக் கெடுக்கும். தங்க எளிய விடுதிகள் எங்கும் உண்டு.

பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

பின்பக்கம் எதிரெதிரே பெஞ்சு சீட் உள்ள வண்டியில் பெல்ட் இருக்காது. அதில் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். முன்பார்த்த சீட்டும் மூன்று முனை பெல்ட்டும் இருந்தால் யோசிக்கலாம். 2,500 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏறாமல் இடையில் ஓரிரவு தங்கி ஏறுங்கள். தலைவலி, வாந்தி வந்தால் இறங்குவதே மருந்து.

வேலை எல்லாம் முடிந்தது. அடுத்த வாரமே கிளம்பலாமா?

வேண்டாம். பட்டறையிலிருந்து வந்த வண்டி, புதுப் பாகங்கள் போட்ட வண்டி, இன்னும் சோதிக்கப்படாத வண்டி. கிளாம்ப் தளரும், புதுச் சீல் கசியும், பட்டறையில் எர்த் ஒயரை மறந்திருப்பார்கள். இவை எல்லாம் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வெளியே வரும். அவை ஓசூரில் வெளியே வரட்டும், ஜோம்சோமில் வேண்டாம். இரண்டு மாதம் தினமும் அலுவலகத்துக்கு அதையே ஓட்டுங்கள்.

பிறகு பயணச் சுமை முழுவதையும் ஏற்றிக்கொண்டு, ஒரு வெயில் நாளில் சேலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போங்கள். சேலம் வெயில் ரேடியேட்டரைச் சோதிக்கும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் மற்ற எல்லாவற்றையும் சோதிக்கும். மேலே ஓரிரவு தங்கி, காலையில் வண்டியை எடுத்ததும் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டு எங்கே, என்ன நிறம்? பச்சையானால் கூலன்ட்; கறுப்பானால் என்ஜின் ஆயில்; அடர்ந்த நாற்றத்தோடு பிசுபிசுத்தால் கியர் ஆயில்; சக்கரத்தின் உட்புறம் தெளிவாக ஈரம் கசிந்தால் பிரேக், அதோடு மலை இறங்காதீர்கள். இந்தப் பயணத்துக்குப் பிறகு புதிதாக எதையும் மாட்டாதீர்கள், ஒரு ஹாரன்கூட.

மோரே வழியாக பர்மா போக முடியுமா? அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் மணிப்பூர் எல்லையில் உள்ள மோரேயில் தங்கி, அங்காள பரமேஸ்வரி கோயிலும் கட்டினார்கள். எதிரே மியான்மர் பக்கத்தில் உள்ள தாமு வழியாக எல்லையைத் தாண்டித் தாய்லாந்துவரை ஒரு காலத்தில் வண்டிகள் போயின. 2020-ல் எல்லைக் கதவு மூடியது; 2021-ல் மியான்மரில் ராணுவ ஆட்சி, 2023-ல் மணிப்பூர் கலவரம். இன்றைய நிலையில் அந்த வழியை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இலங்கைக்குக் கப்பலில் ஜீப்பை ஏற்றலாமா?

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கானது, வண்டி ஏற்றாது. சரக்குக் கப்பலில் அனுப்பும் செலவுக்கு அங்கே பல வாரம் வாடகை வண்டி எடுத்துவிடலாம்.

லண்டன்வரை போக வேண்டும் என்பது கனவு. கார்னே எப்படி வேலை செய்கிறது?

பாகிஸ்தான் தரைவழி மூடியிருப்பதால், திபெத் வழியாகச் சீனா, அல்லது மும்பையிலிருந்து கப்பலில் ஈரான் என்று இரண்டு வழிகளைத்தான் பேசுவார்கள். சீனா நம் சர்வதேச உரிமத்தை ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் தற்காலிக உரிமம், எண் பலகை, உடன்வரும் வழிகாட்டி எல்லாம் வேண்டும், செலவு கடுமை. ஈரானுக்குக் கார்னே கட்டாயம். அங்குள்ள பாதுகாப்பு நிலவரம் குறித்து வெளியுறவு அமைச்சகம் சொல்வதைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கார்னே என்பது வண்டிக்கான சுங்கப் புத்தகம், ஓராண்டு செல்லும். இந்தியாவில் ஆட்டோமொபைல் சங்கங்கள் வழங்குகின்றன. வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். ஒவ்வொரு தாளும் மூன்று பகுதி. உள்ளே நுழையும்போது ஒரு பகுதியைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை, வெளியேறும்போது இன்னொரு பகுதியைக் கிழித்துக்கொண்டு அதே அடிக்கட்டையில் இரண்டாவது முத்திரை. அந்த இரண்டாவது முத்திரை இல்லாவிட்டால் வண்டி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கொண்டு வரி கேட்பார்கள். நள்ளிரவானாலும், பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தாலும், இரண்டு முத்திரையையும் கண்ணால் பார்த்த பிறகே சாவடியை விட்டு நகருங்கள்.

சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஆர்.டி.ஓ.வில் வாங்கலாம், அதுவும் ஓராண்டு. பின்புறம் ஐ.என்.டி. என்ற நாட்டு எழுத்துகள் கொண்ட முட்டை வடிவ ஒட்டி தேவை. ஈரான் முதல் ஐரோப்பாவரை வலப்பக்கம் ஓட்டுவதால், நம் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி கண்ணாடியில் மறைப்பு ஒட்ட வேண்டும்.

கடைசிக் கேள்வி. வண்டி அங்கே நிரந்தரமாக நின்றுவிட்டால், விட்டுவிட்டு விமானத்தில் வந்துவிடலாமா?

கூடாது. நீங்கள் கொண்டுபோனது தற்காலிக அனுமதியில். நேபாளத்தில் விட்டுவிட்டு வந்தால் அபராதம் நாள்தோறும் ஏறும், வண்டி பறிபோகலாம். கார்னே நாடுகளில் உங்கள் வங்கி உத்தரவாதத்தையே கோருவார்கள். தீப்பிடித்து எரிந்தாலும் உள்ளூர்க் காவல் துறை அறிக்கையும் சுங்கச் சான்றும் வாங்கித்தான் கணக்கை முடிக்க முடியும்.

நேபாளமானால் லாரியில் ஏற்றி எல்லைவரை கொண்டுவந்து, சுங்கத்தில் வெளியேற்றம் பதிந்து, இந்தியப் பக்கம் இறக்கிவிடுங்கள். பிறகு ரயிலோ லாரியோ பார்த்துக்கொள்ளலாம். அந்த லாரி வாடகைக்கான பணத்தைப் பயணச் செலவில் சேர்க்காமல் தனியாக ஒதுக்கி வையுங்கள். அனுமதியின் கடைசி நாளுக்குள் வண்டி எல்லைக்கு வராது என்று தெரிந்த அன்றே, முடிவதற்கு முன்பாகவே, அருகிலுள்ள சுங்க அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.